ஒரு டிக்கெட் குறைகிறது

எனக்கு முன்கோபம் உண்டு. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி பியாட்ரிஸ் சொல்லிவிடுவாள். மனிதர்களோடு எனக்கு ஒத்துவராது, இரும்போடு ஒத்துவரும். இரும்பு ஒருநாளும் காரணமில்லாமல் முறைத்துக்கொள்வதில்லை. எங்கேயோ ஓர் ஆணி தளர்ந்திருக்கும், எங்கேயோ எண்ணெய் வற்றியிருக்கும். தேடினால் அகப்படும். இருபது வயதிலிருந்து இந்த நம்பிக்கையில்தான் தங்கச் சுரங்கக் கம்பெனியின் பட்டறையில், இயந்திரம் பூட்டும் பிட்டர் வேலை பார்த்துவந்தேன். பெயர் ஜெயகரன்.

1904-ஆம் வருஷம் தை மாதம், சீமையிலிருந்து மூன்று பெட்டிகள் ரயிலில் வந்து சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கின. மாட்டுவண்டியில் ஏற்றி, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான எங்கள் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுவந்தோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே முந்நூறு சொச்சம் துண்டுகளும் ஒரு படமும் இருந்தன. மெக்கானிக்கல் துரை படத்தை என் கையில் கொடுத்து, ஒரு வாரத்தில் பூட்டிவிடு என்றார். அதுதான் டிக்கெட் கொடுக்கும் இயந்திரம்.

அது எதற்கென்று சொல்லவேண்டும். அதுவரை காலையில் கீழே இறங்குகிறவர்கள் தங்கள் பெயரை டைம்கீப்பரிடம் சொல்லிவிட்டு இறங்குவார்கள், ஷிப்ட் முடிந்து ஏறியதும் மறுபடி சொல்வார்கள். நூறு பேரில் பதினோரு பேர் முனுசாமி. மேலே வந்த முனுசாமி யார், வராத முனுசாமி யார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இனி அப்படியில்லை. ஒவ்வொருவனும் கைப்பிடியை ஒருமுறை இழுப்பான், ஒரு டிக்கெட் விழும், அதை மடியில் செருகிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி இறங்குவான். வேலை முடிந்து மேலே வந்ததும் டிக்கெட்டைப் பக்கத்திலுள்ள உண்டிப் பெட்டியில் போடுவான். இயந்திரம் காட்டும் எண்ணும் உண்டியில் விழுந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் கீழே யாரும் இல்லை. அப்போதுதான் டைம்கீப்பர் மணிக்கயிற்றை இழுப்பார். அந்த மணிக்காக வெடி வைக்கிற இரண்டு பேர் கீழே காத்திருப்பார்கள். கடைசிவரை கீழே இருக்கிறவர்கள் என்பதால் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. பித்தளை வில்லை, தனிக் கணக்கு. மணி கேட்டால் திரியைக் கொளுத்திவிட்டு அவர்களும் விலகிவிடுவார்கள். ஆகவே ஒரு டிக்கெட் குறைந்தால் ஓர் ஆள் கீழே என்று அர்த்தம். ஆள் இருக்கும்போது மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பூட்டிய ஒரு வாரமும் நான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு அழகு அந்த இயந்திரம். தலையில் ஒரு பித்தளைக் குழாய். அதற்குள் அட்டை டிக்கெட்டுகள் வரிசை எண்ணோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், மேலே ஓர் ஈயக்கட்டி அழுத்திக்கொண்டிருக்கும். அடியில் ஒரு தட்டு முன்னும் பின்னும் ஓடும். அந்தத் தட்டின் தடிமன் ஒரு டிக்கெட்டின் தடிமனைவிட மயிரிழை குறைவு. கைப்பிடியை இழுத்தால் தட்டு முன்னே வந்து, அடியிலிருக்கும் டிக்கெட்டை மட்டும் முதுகில் தள்ளும். வெளியே போகும் வாயின் இடைவெளி ஒரு டிக்கெட்டுக்கு மேல், இரண்டு டிக்கெட்டுக்குக் கீழ். இரண்டாவது டிக்கெட் கூடவே வர ஆசைப்பட்டாலும் வாசலில் தலை இடிக்கும். பாதி இழுத்துவிட்டுப் பின்வாங்கவும் வழியில்லை. ஒரு கொக்கி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, முழுக்க இழுத்தால்தான் ஸ்பிரிங்கைத் திரும்பவிடும். முழுக்க இழுத்தால் சக்கரம் ஒரு பல் நகரும். கண்ணாடிக்குள் எண் ஒன்று கூடும். இதை யோசித்தவன் மனித குணத்தை நன்றாக அறிந்தவனாக இருக்கவேண்டும். அவசரக்காரன், சந்தேகக்காரன், ரெண்டாகக் கேட்கிறவன் எல்லோருக்கும் அதில் பதில் இருந்தது.

முதல் நாள் பகல் ஷிப்ட்டில் எண் நூற்று நான்கு. உண்டியில் நூற்று மூன்று.

மணி அடிக்கவில்லை. மேஸ்திரிகள் கீழே இறங்கி ஒவ்வொரு லெவலாகத் தேடினார்கள். மேலே எல்லோரையும் நிற்கவைத்து, அவரவர் ஆட்களை எண்ணினார்கள். யாரும் குறையவில்லை. இரண்டாம் நாளும் ஒன்று குறைந்தது, மூன்றாம் நாளும் ஒன்று. ராத்திரி ஷிப்ட்டில் மட்டும் எண் எண்ணோடு பொருந்தியது. பத்தாம் நாள் துரை என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பெட்டியும் அதைப் பூட்டியவனும் ஒரே வண்டியில் போகலாம் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வேலை போகும் பயத்தைவிட எனக்கு வேறொன்று பெரிதாக உறுத்தியது. டைம்கீப்பர் முனிரத்தினம் தேடுவதை நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர், எப்போதும் வாயில் வெற்றிலை. அவர் தினமும் எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு மணி அடிக்க ஆரம்பித்திருந்தார்.

"வுடுங்க ஜெயகரன். பொட்டி ஒண்ணு கூட சொல்லுது. நாம ஒண்ணு கழிச்சிக்கினா போச்சு. இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிறீங்களே."

"ஒருநாளு நெசமாவே ஒரு ஆளு கீழ நின்னுட்டா இன்னா பண்ணுவீங்க?"

"அப்போ ரெண்டு கொறையுமே" என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கழித்தால் சரியாகிற இயந்திரம் இயந்திரமா? இப்படிப்பட்ட சோம்பேறித்தனத்தால்தான் ஊர் உருப்படுவதில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

காலையில் பனி விழுகிறது, அட்டை ஈரம் குடித்து உப்புகிறது, இரண்டு டிக்கெட் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று முதலில் நினைத்தேன். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் அட்டைகளை வெட்டிப் போட்டு, ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. எண் கூடுவது கைப்பிடியால்; டிக்கெட்டால் அல்ல. இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் உண்டியில்தான் ஒன்று அதிகம் இருக்கவேண்டும். இங்கே தலைகீழ். அப்படியானால் டிக்கெட் விழாமலே சக்கரம் நகர்கிறதா? குழாயில் மீதியிருந்ததை எண்ணினேன். போனவை சரியாக எண்ணின்படியே போயிருந்தன. இயந்திரத்தின்மேல் குற்றமே இல்லை. ஒரு டிக்கெட் நிஜமாகவே வெளியே போகிறது, திரும்பி வருவதில்லை.

"எந்த டிக்கட்டு வர்ல?" என்று கேட்டாள் பியாட்ரிஸ், என் அட்டைக் குப்பையை ஒதுக்கித் தட்டு வைத்துக்கொண்டே.

"இன்னாது?"

"நம்பர் போட்டிருக்குது இல்ல. எத்தினி வர்லன்னு எண்ணிக்கினே கீறீங்க. எது வர்லன்னு பாத்தீங்களா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மறுநாள் முனிரத்தினத்தின் அலமாரியில் கட்டிவைத்திருந்த பழைய டிக்கெட் கட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தினேன். பதினான்கு பகல் ஷிப்ட். பதினான்கிலும் காணாமல் போனது காலையில் விழுந்த முதல் டிக்கெட். பழுது ஒருபோதும் இவ்வளவு ஒழுங்காக நடக்காது. இது யாரோ செய்வது.

அடுத்த நாள் விடிந்ததும் ஷாஃப்ட்டுக்குப் போய், அடுக்கிவைத்த மரக்கட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இறங்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், ஆனால் யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. பாப்பம்மா வந்தாள். ஷாஃப்ட் வாசலைப் பெருக்கிக் குடிதண்ணீர்ப் பீப்பாயை நிரப்புகிறவள் அவள். பகலில் மட்டும் வேலை. துடைப்பத்தைச் சாய்த்துவைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், கைப்பிடியை முழுக்க இழுத்தாள். டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரோரம் மஞ்சள் பூசி நட்டிருந்த ஒரு கல்லின் அடியில் செருகினாள். அதன்பிறகுதான் வரிசை நகர்ந்தது.

கடைசி ஆள் இறங்கியதும் அவளிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவன், துரையோடு இங்கிலீஷ் பேசுகிறவன். கல்லைப் பிடுங்கிப் போடச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

"இன்னா அக்கா இது?"

"அம்மனுக்கு, பிட்டரே. பேரு சொல்லி எறங்குற காலத்துல ஆளுங்க மொதல்ல அவ பேர சொல்லிட்டுதான் தங்க பேர சொல்லுவாங்க. அவ முன்னால எறங்குனாதான் இவங்க எறங்குவாங்க. இப்போ பேரு வாணாம், டிக்கட்டுன்னுட்டாங்க. எல்லாருக்கும் டிக்கட்டு, அவளுக்கு மட்டும் இல்லியா?"

"செரி, எறங்குறா. சாய்ந்தரம் ஏறி வந்து டிக்கட்ட உண்டில போடலாமே?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவ எதுக்கு ஏறணும்? ராத்திரி ஆளுங்க கீழ இருக்குது இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வரவில்லை; அது எனக்கே அதிசயம். இயந்திரம் சரி, அவர்கள் செய்ததும் சரி. ஒருத்தி கீழே இறங்கினாள், திரும்பி வரவில்லை. இயந்திரம் அதை அப்படியே சொன்னது. என் முந்நூறு துண்டும் பதினான்கு நாளாக ஒரு தெய்வத்தை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

துரையிடம் சொன்னால் கல்லும் போகும், பாப்பம்மா வேலையும் போகும். சொல்லாவிட்டால் முனிரத்தினம் கழித்துக்கொண்டே இருப்பார். அன்று முழுக்க யோசித்து, சாயங்காலம் பட்டறையில் ஒரு பித்தளை வில்லையை வெட்டி அரம் போட்டு மெருகேற்றினேன். மறுநாள் காலையில் பாப்பம்மாவிடம் கொடுத்தேன்.

"வெடி வெக்கிறவங்களுக்கு இதுதான் குடுக்கறோம். கடசி வரைக்கும் கீழ இருக்கறவங்களுக்கு டிக்கட்டு கெடையாது, வில்லைதான். அம்மனும் அப்படித்தானே?"

அவள் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயில் பட்டு அது மின்னியது. அட்டையைவிட இதுதான் மரியாதை என்று அவளுக்கே தோன்றிவிட்டது. கல்லடியில் வைத்துக் கும்பிட்டாள். வரிசையில் நின்றவர்களும் கும்பிட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கைப்பிடியை இழுத்தார்கள்.

"டைம்கீப்பராண்ட சொல்லணுமே" என்றாள்.

"நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சாயங்காலம் எண்ணும் உண்டியும் முதன்முறையாக ஒன்றாக நிற்கும்போது முனிரத்தினத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒன்றைக் கழிக்கப் போய், கழிக்க ஒன்றும் இல்லாமல் அவர் விழிப்பதைப் பார்க்கவேண்டும். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு ஷிப்ட் ஏறியது. மூன்றரைக்கு நான் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறையிலிருந்து வந்தேன். கண்ணாடிக்குள் தொண்ணூற்றொன்று. முனிரத்தினம் உண்டி டிக்கெட்டுகளை எண்ணி முடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினி?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தொண்ணூறு. வழக்கம்போல ஒண்ணு கொறச்சல்." அவர் எழுந்து மணிக்கயிற்றிடம் போனார்.

என் மனதில் முதலில் வந்தது பாப்பம்மாமேல் கோபம். வில்லையையும் வாங்கிக்கொண்டு டிக்கெட்டையும் இழுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கல்லிடம் போய் அதை அசைத்துப் பார்த்தேன். அடியில் வில்லை மட்டும்தான் இருந்தது. பாப்பம்மா பீப்பாய் அருகே நின்று என்னைப் பார்த்தாள். "நான் இன்னிக்கி கைப்பிடிய தொடவே இல்லியே, பிட்டரே" என்றாள்.

அந்தச் சில அடிகளை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. முனிரத்தினத்தின் கை கயிற்றில் இருந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, கயிற்றோடு சேர்த்து என் மார்போடு அழுத்திக்கொண்டேன். இரண்டு பேரும் தடுமாறி விழப் பார்த்தோம்.

"இன்னா ஜெயகரன் இது, பைத்தியமா?"

"அடிக்காதீங்க. கீழ ஆளு கீது."

"அது அம்மன் டிக்கட்டுய்யா. தெனமும் கொறையறதுதானே."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேடுவதை நிறுத்தியபோதே தெரிந்திருக்கிறது. "இன்னிக்கி அம்மன் டிக்கட்டு வாங்கல. நான் மாத்திட்டேன்" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போனதை நான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் வந்தேன், பார்த்துவிட்டேன். அவர் உடனே மேஸ்திரிகளைக் கூவி அழைத்துக் கேஜில் ஏற்றினார். முக்கால் மணி நேரம் அந்தக் கயிற்றை யாரும் தொடாதபடி அதற்கடியிலேயே நின்றேன்.

காத்தவராயனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாறையில் துளை போடுகிறவன் அவன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் கேஜுக்கு நடக்கும்போது, மறந்துவைத்த தூக்குச்சட்டியை எடுக்க ஒரு பக்கச் சுரங்கத்துக்குத் திரும்பியிருக்கிறான். முட்டுக் கொடுத்த மரம் சரிந்து காலை அழுத்திவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது. கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. திரி போட்டிருந்த இடம் அங்கிருந்து முப்பது கஜம்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபின் முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து மாதிரியே வுட்டிருந்தா இன்னிக்கி ரெண்டு கொறஞ்சிருக்கும். ரெண்டு கொறஞ்சா நான் மணிய தொட்டிருக்க மாட்டேன்" என்றார். "சொல்லியிருக்கலாமே, ஜெயகரன்."

"நீங்களும் சொல்லல."

"உங்களாண்ட எப்படிச் சொல்றது? நீங்க துரையாண்ட சொல்லிட்டா?" அவர் வெற்றிலைப் பையைத் திறந்து, போட மனமில்லாமல் மூடினார். "செரி. ரெண்டு பேருமே பேசல."

மறுநாள் துரை வந்து இயந்திரத்தையும் என்னையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தார். பழுது நீங்கிவிட்டதாம், நீங்கிய முதல் நாளே ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாம். முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பாப்பம்மா மாட்டிக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பாராட்டு எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அதை ஒருவனிடமாவது துப்பியாகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்தவராயன், முறிந்த காலில் கட்டை வைத்துக் கட்டியபடி படுத்திருந்தான். அவன் எழ முயன்றான். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், வில்லை, முனிரத்தினத்திடம் சொல்லாதது, எதற்காகச் சொல்லவில்லை என்பது, கயிற்றில் இருந்த கை, எதையும் விடவில்லை. அவன் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகப் போயிருந்தேன்.

அவன் கையை ஊன்றிச் சற்று நிமிர்ந்தான்.

"அப்போ அன்னிக்கி அம்மன் எங்கூட கீழ இல்லியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த இருட்டில், காலை அசைக்க முடியாமல், அவன் யாரோடு பேசிக்கொண்டிருந்திருப்பான் என்று.

"ஒரு மணி நேரம் அவளாண்டதான் பேசிக்கினு இருந்தேன்" என்றான். "டிக்கட்டு இல்லாம எப்படி எறங்கியிருப்பா?"

நான் ஞானஸ்நானம் பெற்றவன். சபையில் வேதம் வாசிக்கிறவன். அன்று அவனிடம் சொன்னதை இதுவரை போதகரிடம் சொன்னதில்லை.

"இருந்தா, காத்தவராயா. எங்கையாலதான் வில்லை குடுத்தேன். கடசி வரைக்கும் கீழ இருக்கறவங்களுக்குக் குடுக்கற வில்லை. அத வாங்கிக்கினுதான் எறங்குனா. நீ ஏறுறவரைக்கும் ஏறல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. "அதானே" என்றான். கண்ணைத் திறந்து, "இப்போ?" என்றான்.

"இப்போ பழையபடி டிக்கட்டுதான். மொத டிக்கட்ட தெனமும் நான்தான் இழுத்து பாப்பம்மா கையில குடுக்கறேன். டைம்கீப்பரு பக்கத்துல நின்னு பாத்து தனிக் கணக்கா எழுதிக்கிறாரு."

அவன் தலையணைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து என் கையில் வைத்தான். மண் படிந்து ஓரம் நைந்த ஓர் அட்டை. அன்று காலை விழுந்தவற்றில் முப்பத்தெட்டாவது.

"இத உண்டில போட்டுடுங்க, பிட்டரே. நான் ஏறிட்டேன் இல்ல."

அங்கிருந்து நேராக ஷாஃப்ட்டுக்கு நடந்தேன். ஞாயிறு என்பதால் அங்கே யாரும் இல்லை. அட்டையின் மண்ணைச் சட்டையில் துடைத்து, உண்டியின் வாய்க்குள் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன். தொண்ணூற்றொன்று.